இடுப்பில் இருந்த தம்பி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் பெங்களூரில் இருந்து மகனும் மருமகளும் பேத்தியோடு வந்திருந்தார்கள். பேத்திக்கு ஆறு மாதம். காலையில் அடுப்படிக்குள் போனால், மருமகள் ஒரு துணிப் பையை மார்போடு மாட்டி, இடுப்பில் பெல்ட் போட்டு, குழந்தையை அதற்குள் உட்கார வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். "என்னம்மா இது, கங்காரு மாதிரி?" என்று சிரித்தேன். "நீங்க உங்க பிள்ளைய எப்படித்தான் தூக்குனீங்க அத்தை?" என்று கேட்டாள்.

"இடுப்புலதான்" என்று சொல்லிவிட்டேன். பிறகு யோசித்தால் அதுகூட முழு உண்மை இல்லை. 1985இல் மகன் பிறந்தபோது எனக்கு 90 நாள் பேறுகால விடுப்பு. அது முடிந்ததும் பிள்ளையை மாமியார் இடுப்பில் ஏற்றிவிட்டு நான் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். அவர் கடைசி வரை ஒரு பக்கம் சாய்ந்தேதான் நடந்தார்.

மருமகள் ஊருக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சமூக அறிவியல் எடுத்த பழக்கம் எங்கே போகும்? இரண்டு வாரமாக, எந்த ஊரில் யார் எப்படிப் பிள்ளை சுமந்தார்கள் என்று தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

நம் பக்கத்தில் பிள்ளையை உடம்போடு கட்டிக்கொள்ளும் வழக்கம் குறைவு. நரிக்குறவர் பெண்கள் தோளில் இருந்து குறுக்காகத் துணி கட்டி, அதற்குள் குழந்தையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். மற்றவர்களுக்கு இடுப்பு, இல்லாவிட்டால் சேலைத் தூளி. தூளி, தொட்டில், ஏணை என்று ஊருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். உடம்பில் கட்டும் துணிக்கு அப்படி ஒரு பெயர் என் காதில் விழுந்ததில்லை. இது என் கணக்குத்தான், தப்பாகவும் இருக்கலாம்: நம் வெயிலிலும் சேற்றிலும் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறவளுக்குப் பிள்ளையை உடம்போடு கட்டிக்கொள்வது தோதுப்படவில்லை. வரப்பு மரத்தில் தூளி கட்டினாள். ஆனால் தூளியை ஆட்ட ஒரு ஆள் வேண்டும். இடுப்பில் வைத்தால் ஒரு கை போய்விடும், அதற்கும் வேறு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண் பிள்ளை.

இந்த இடத்தில்தான் எனக்குப் படிப்பு ஓடவில்லை. கோவில்பட்டிப் பக்கம் நான் வேலை பார்த்த துவக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். ஒன்பது வயது. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு விடிகாலை பஸ்சில் போய்விடுவார். எட்டு மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவள் பள்ளிக்கு வருவாள். ஒரு கையால் தம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சிலேட்டில் எழுதுவாள். சிலேட்டைப் பிடித்துக்கொள்ளக் கை இருக்காது, அது நழுவிக்கொண்டே இருக்கும். தொழிற்சாலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948 சட்டத்திலேயே இருந்தது. எங்கள் பக்கத்துச் சின்னச் சின்னத் தீப்பெட்டி ஆபீசுகளில் அப்படி ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை. 1982இல் சத்துணவு வந்ததால் மத்தியானச் சோறாவது அவளுக்கு உறுதியாக இருந்தது.

ஒரு நாள் உதவிக் கல்வி அலுவலர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அன்றைக்கு என்று பார்த்து அந்தக் குழந்தை விடாமல் அழுதது. நான் அவளிடம், "தம்பிய வீட்டுல விட்டுட்டு வா. இல்லேன்னா வராத" என்றேன். "இவன் இனிமே அழ மாட்டான் டீச்சர்" என்றாள். நான் கதவைக் காட்டினேன்.

அவள் அதற்குப் பிறகு வரவில்லை. பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. அவளும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கொஞ்ச நாளில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை என் கையாலேயே அடித்தேன்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் ஜப்பானைப் பற்றிப் படித்ததுதான் காரணம். அங்கே பிள்ளை சுமக்கும் சிறுமிக்குத் தொழில் பெயரே உண்டு: கொமோரி. பிள்ளை காப்பவள் என்று பொருள். ஏழை வீட்டுப் பெண்கள் ஏழெட்டு வயதிலேயே வேறு வீடுகளுக்குக் கொமோரியாகப் போவார்கள். கூலி பெரும்பாலும் சோறும் துணியும்தான். குழந்தையை முதுகில் வைத்து ஒன்புஹிமோ என்ற நீளப் பட்டையால் கட்டிக்கொள்வார்கள். குளிர்காலத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பஞ்சு வைத்த ஒரே மேலங்கி. ஜப்பானில் எல்லாருக்கும் தெரிந்த 'அகாதொம்போ', அதாவது செந்தும்பி, என்ற பாட்டு 1921இல் எழுதப்பட்டது. யாரோ ஒருத்தி முதுகில் இருந்து தும்பியைப் பார்த்த நினைவுதான் அதில் இருக்கிறது. அந்த முதுகு அம்மாவுடையது இல்லை, கொமோரியுடையது.

1872இல் அங்கே எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று கல்விச் சட்டம் வந்தது. கொமோரிகளால் எப்படி வர முடியும்? வந்தாலும் முதுகில் குழந்தையோடு வந்தார்கள். குழந்தை அழுதது, வகுப்பு கலைந்தது. அங்கேயும் என்னைப் போன்ற வாத்தியார்கள் இருந்திருப்பார்கள். ஆனால் இபராகி மாநிலத்தில் வத்தனாபே கஜூ என்ற ஆசிரியர் 1883இல் கொமோரிகளுக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதில் மூன்று அறைகள். ஒன்றில் பாடம் நடக்கும். இன்னொன்றில் நடக்கிற வயதுக் குழந்தைகள் விளையாடும். மூன்றாவதில் கைக்குழந்தைகள் தூங்கும். சிறுமிகள் முறை வைத்துக்கொண்டு சிலர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். மறு வருடமே இந்த முறையை விளக்கி ஒரு புத்தகமும் எழுதினார். நாகானோ போன்ற மாநிலங்களிலும் கொமோரிப் பள்ளிகள் வந்தன. 1900க்குப் பிறகு வந்த பத்து வருடத்துக்குள் அந்த நாட்டில் பெண் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை 90 விழுக்காட்டைத் தாண்டியது. அதற்கு வேறு பல காரணங்களும் உண்டு, எல்லாப் பெருமையும் கொமோரிப் பள்ளிக்கு என்று சொல்ல மாட்டேன்.

ஆசிரியப் பயிற்சியில் ஃப்ரோபெல் படித்தேன், மாண்டிசோரி படித்தேன். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். வத்தனாபே பெயரை யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் பள்ளியில் இருந்தது ஒரே அறைதான், மூன்று அறைக்கு எங்கே போவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதில் ஒரு தூளி கட்டியிருக்கலாம்.

சரி, மருமகளின் பைக்கு வருகிறேன். அதற்குப் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. ஆன் மூர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1960களின் தொடக்கத்தில் அமைதிப் படைத் தொண்டராக டோகோ நாட்டுக்குப் போனார். அங்கே தாய்மார்கள் ஒரு நீளத் துணியால் குழந்தையை முதுகோடு சுற்றி, முன்பக்கம் செருகிக்கொண்டு, சந்தைக்கும் வயலுக்கும் போவதைப் பார்த்தார். அந்தக் குழந்தைகள் அமைதியாக இருந்ததும் அவர் கண்ணில் பட்டது. ஊருக்குத் திரும்பி மகள் பிறந்ததும் தானும் அப்படிக் கட்டிப் பார்த்தார். குழந்தை வழுக்கி வழுக்கி இறங்கியது. கட்டும் பழக்கம் கைக்கு வரவில்லை. ஒஹாயோவில் இருந்த தன் அம்மாவிடம் சொல்லி, காலை விட ஓட்டை வைத்து ஒரு பை தைத்து வாங்கிக்கொண்டார். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் எங்கே வாங்கினாய் என்று கேட்க, அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் தைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1969இல் காப்புரிமை பெற்றார்கள். பெயர் ஸ்னக்ளி. 1985இல் ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார்கள்.

டோகோப் பெண்ணின் துணி, போர்வையும் ஆகும், உடுப்பும் ஆகும், எந்த உடம்புக்கும் பொருந்தும். ஸ்னக்ளி ஒரே வேலைக்கான பை. ஆனால் கட்டத் தெரியாதவளும் மாட்டிக்கொள்ளலாம். இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், கட்டக் கற்றுக்கொடுக்க ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தால் துணி, இல்லாவிட்டால் பை.

அதே காலத்தில் ஜெர்மனியில் எரிகா ஹாஃப்மான் என்ற தாய்க்கு இரட்டைக் குழந்தைகள். மெக்சிகோ பாணித் துணியால் கட்டித் தூக்கிப் பார்த்து, 1972இல் அந்தத் துணியை நெய்து விற்கத் தொடங்கினார். டிடிமோஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் இரட்டையர் என்று பொருள். நம் பரங்கிமலைத் தோமாவுக்கும் வேதாகமத்தில் இதே பட்டப்பெயர்தான். 1973இல் சுவீடனின் பேபி பியோர்ன் கம்பெனி மார்பில் மாட்டும் பையைக் கொண்டுவந்தது. இரண்டு வளையத்தில் துணியைக் கோத்து ஒரு தோளில் மாட்டும் ரிங் ஸ்லிங் 1980களில் ஹவாயில் உருவானது. சீனாவில் பழங்காலத்தில் இருந்தே சதுரத் துணியின் நாலு மூலையிலும் பட்டை வைத்துக் கட்டுகிறார்கள். சுமக்கும் பட்டை என்று பொருள்படும் அதன் கண்டோனியப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுகிற விதத்தைப் பார்த்துத் தமிழில் எழுதினால் "மெய் தாய்" என்று வருகிறது! தமிழ் ஐயா யாராவது இதைப் பார்த்தால் ஒரு கட்டுரையே எழுதிவிடுவார்.

தள்ளுவண்டி கதை வேறு. 1733இல் இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் செய்து கொடுத்ததில் இருந்து தொடங்குகிறது. அதற்கு நல்ல ரோடு வேண்டும், தள்ள ஆள் வேண்டும். நம் தெருவில் அதைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கைக்குழந்தை வைத்திருக்கும் என் மாணவிகள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள் என்பதால், படித்ததில் உபயோகமானதைச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து மீட்டர் நீளத் துணி பிஞ்சுக் குழந்தைக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் பஸ் ஸ்டாண்டில் நின்று கட்டினால் முனை தரையெல்லாம் கூட்டும், நம் சித்திரை வெயிலில் இரண்டு பேருக்கும் புழுங்கும். ரிங் ஸ்லிங் சட்டென்று மாட்ட வசதி, பால் கொடுக்கவும் தோது. ஆனால் ஒரே தோளில் பாரம், அரை மணிக்கு மேல் தாங்காது என்கிறாள் மருமகள். பெல்ட் வைத்த பையில் பாரம் இடுப்பில் இறங்குவதால் நெடுநேரத்துக்கு அதுதான் சரி. கழுத்து நன்றாக நின்று, குழந்தை தானாக உட்காரவும் தொடங்கிய பிறகு முதுகில் மாற்றிக்கொள்ளலாம்.

எதில் வைத்தாலும் குழந்தையின் முழங்கால் அதன் பிட்டத்தைவிடக் கொஞ்சம் உயரமாக, தவளை உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும். கால் இரண்டும் நேராகத் தொங்கவோ இறுகக் கட்டப்படவோ கூடாது, இடுப்பு மூட்டுக்கு ஆகாது. நம் பாட்டிமார் இடுப்பில் கவட்டை விரித்து உட்கார வைத்தது இந்த விஷயத்தில் சரியாகத்தான் இருந்திருக்கிறது. இன்னொன்று, தாடை நெஞ்சில் முட்டக் கூடாது. மூச்சு அடைபடும். ஸ்லிங்கால் 20 வருடத்தில் 14 குழந்தைகளாவது இறந்ததாக 2010இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. அதில் 12 பேர் நாலு மாதம் நிரம்பாதவர்கள். முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எரிகிற அடுப்புக்கு முன்னால் வேண்டாம். ஸ்கூட்டியில் வேண்டவே வேண்டாம்.

தூக்கித் தூக்கிப் பழக்கினால் பிள்ளை கெட்டுப்போகும் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! 1986இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் இரண்டு மருத்துவர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறு வார வயதில் மற்றவர்களைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதன. கொலம்பியாவில் 1970களின் கடைசியில் இன்குபேட்டர் போதாமல், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு வைத்துக் கட்டித் தொடங்கிய முறையைத்தான் இன்று நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். நான் மருமகளைக் கேலி செய்த அதே கங்காரு.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயது ஆகியிருக்கும். தம்பிக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். பெயரை இங்கே எழுத மாட்டேன். 1985–86இல் மூன்றாம் வகுப்பில் கூட உட்கார்ந்திருந்த உங்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், கமெண்டில் வேண்டாம். முதலில் அவளிடம் கேளுங்கள், டீச்சர் பார்க்க வரலாமா என்று. சரி என்றால் நானே பஸ் ஏறி வருகிறேன்.