முடக்குவாதம்: மூட்டினுள் நடப்பது என்ன?

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடிவதில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடிப்பதே சிரமம். ஒரு மணித்தியாலம் கழிந்த பின்னரே விறைப்பு மெல்லத் தளர்கிறது. இதை வாய்வு என்றோ, பழைய காயத்தின் வலி என்றோ எண்ணி மாதக்கணக்கில் எண்ணெய் பூசிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஆனால், இது முடக்குவாதம் எனப்படும் ருமற்றொயிட் ஆத்திரைற்றிஸின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

இது வயதாவதால் ஏற்படும் மூட்டுத் தேய்வு அல்ல. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, சொந்த உடலின் இழையங்களையே தாக்குவதால் உண்டாகும் நோய். ஆண்களை விடப் பெண்களையே இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாகப் பாதிக்கிறது. பரம்பரை இயல்பு இதற்கு ஒரு காரணம். புகைபிடித்தல் ஆபத்தை மேலும் கூட்டுகிறது. உடலிலுள்ள சில புரதங்கள் மாற்றமடைய, அவற்றுக்கு எதிராகப் பிறபொருளெதிரிகள் உருவாகின்றன. வலி தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இவை குருதியில் காணப்படலாம்.

அடுத்த கட்டம் மூட்டினுள் நடக்கிறது. மூட்டின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. மூட்டு வழுக்கி அசைவதற்கான பாய்மத்தைச் சுரப்பது அதுவே. வெண்குருதிக் கலங்கள் அங்கே குவிந்து அழற்சியைத் தூண்டும் இரசாயனங்களை வெளிவிட, சவ்வு வீங்கித் தடிக்கிறது. தடித்த சவ்வு கசியிழையத்தின் மேல் படர்ந்து அதனை அரிக்கிறது. பின்னர் என்பையும் அரிக்கிறது. இணையங்கள் தளர்வதால் விரல்கள் கோணுகின்றன. இவ்வாறு அரிக்கப்பட்ட என்பை மருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. இந்த அரிப்பு நோயின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடலாம்.

இரு கைகளிலும் ஒரே மாதிரியான வீக்கம், மணிக்கட்டிலும் விரல்களின் அடி, நடு மூட்டுகளிலும் வலி, நீண்ட நேரக் காலை விறைப்பு, காரணமற்ற களைப்பு ஆகியவை முக்கிய அறிகுறிகள். ஒரு பழைய காயத்தின் வலி பெரும்பாலும் காயப்பட்ட இடத்தைச் சுற்றியே இருக்கும். இரு கைகளிலும் ஒன்றுபோல் வீங்காது. கண், நுரையீரல், இதயம் என்பவையும் இந்நோயால் பாதிக்கப்படலாம்.

குருதிப் பரிசோதனை நோயை அறிய உதவும். ஆனால், பரிசோதனை முடிவு சாதாரணமாக இருந்தாலும் நோய் இல்லையென்று கூறிவிட முடியாது. வலி மாத்திரைகள் வலியைக் குறைக்குமே தவிர, அரிப்பை நிறுத்தா. அதற்கு மெதொற்றெக்சேற் போன்ற மருந்துகள் தேவை. வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே எடுக்கும் இம்மருந்தை நாள்தோறும் எடுத்தால் உயிராபத்து நேரலாம். கருவுற்றிருப்பவர்கள் எடுக்கவே கூடாது.

வீக்கமும் காலை விறைப்பும் ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். வைத்தியரை நாடுங்கள். நாளாந்தம் உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் கைகளுக்கு, தொடக்கத்திலேயே பெறும் சிகிச்சைதான் பாதுகாப்பு.