மடுக் காட்டில் ஒரு விளையாட்டுக் கமரா

போன ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போனது கும்பிடுறதுக்கு இல்லை. உண்மையைச் சொன்னால் படம் எடுக்கத்தான். வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு ஒப்படை செய்ய இருந்தது. மடுவும் இடப்பெயர்வும் என்று தலைப்பை எடுத்துக்கொண்டு, சிநேகிதியின் கமராவை இரவல் வாங்கி, பெரியமடுவிலிருந்து அம்மாவோடு வெளிக்கிட்டேன்.

மடுவின் கதை தொடங்கினதே இடப்பெயர்வில்தான். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்த பிறகு கத்தோலிக்கர்களுக்கு நெருக்கடி வந்தது. 1670 அளவில் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதா சொரூபத்தைக் காவிக்கொண்டு இந்தக் காட்டுக்குள் வந்ததாகச் சொல்வார்கள். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்க, தெற்குச் சனத்துக்கும் வழி லேசாகியது. 1924இல் மாதாவுக்கு முடிசூட்டினார்கள்.

பிறகு யுத்தம். 1990இல் சனம் திரும்பவும் இதே காட்டுக்கு ஓடி வந்தது. ஐ.நா. அகதிகள் அமைப்பு இங்கே திறந்த நிவாரண நிலையம் ஒன்றை நடத்தியது. 1999 நவம்பர் 20 அன்று ஆலய வளாகத்தில் செல் விழுந்து, தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 40 பேரளவில் செத்துப்போனார்கள். 2008 ஏப்ரலில் குருக்கள் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஓகஸ்டில்தான் அது திரும்பி வந்தது. மாதாவும் எங்களைப்போல இடம்பெயர்ந்தவ என்று அம்மா சொல்லுவா. அந்த வருடம் எங்கட குடும்பமும் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. எனக்கு அப்போது ஐந்து வயது.

இவ்வளவையும் மண்டைக்குள் வைத்துக்கொண்டு போனதால், காலையிலிருந்து நான் எடுத்த படமெல்லாம் ஒரே சோகம். உருகின மெழுகுதிரி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற கிழவி, வெறுங்கால்கள். சுற்றிவரக் காடு ஒரு பட்டினமாக மாறியிருந்தது. மரத்துக்கு மரம் கூடாரம். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்களச் சனம் கல் அடுப்பு மூட்டிச் சமைத்தது. ஒரு பக்கம் கச்சான் கடை, ஒரு பக்கம் பலூன்காரர். அதெல்லாம் என்ர ஒப்படைக்குத் தேவையில்லை என்று நினைத்து, படச்சட்டத்துக்கு வெளியிலேயே விட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் அதைக் கண்டேன். பிளாஸ்ரிக் கமரா. கண்ணில் வைத்து அமத்தினால் உள்ளுக்குப் படம் மாறும். மீளக்குடியேறின பிறகு, எனக்கு எட்டு வயதிருக்கும், என்ர முதல் மடுத் திருவிழாவில் அப்பா வாங்கித் தந்தது இதேதான். வாங்கி அங்கேயே நின்று அமத்திப் பார்த்தேன். டிக், டிக். சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு பலூனை எடுத்தேன், ஊதுகுழல் ஊதின பொடியனை எடுத்தேன், தும்புமுட்டாசை மூக்கில் ஒட்டிக்கொண்டு நின்ற சின்னப் பிள்ளையைத் தாயிடம் கேட்டுவிட்டு எடுத்தேன். பின்னேரம் மட்டும் ஒப்படை ஞாபகத்துக்கு வரவே இல்லை.

இரவு பாயில் இருக்கும்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். 90இல் அவவுக்குப் பன்னிரண்டு வயது. இதே காட்டில்தான் கூடாரத்தில் இருந்தவ.

“அந்த நேரம் திருவிழா வந்தால் என்னம்மா செய்வீங்கள்?”

“என்ன செய்யிறது, திருவிழா திருவிழாதானே பிள்ளை. நிவாரணம் வந்த மட்டைப்பெட்டியில கூடு செய்வம். மாதாவுக்குப் பதிலா ஒரு போத்தல். அதைத் தூக்கிக்கொண்டு கூடாரம் கூடாரமாச் சுத்துவம். எனக்குத்தான் முன்னுக்குப் பிடிக்கிற உரிமை.”

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கதையை நான் கேட்டதில்லை. அகதி வாழ்க்கையைப் பற்றி அம்மாவிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கேட்டதெல்லாம் பசி, பயம், சாவு. விளையாட்டைப் பற்றி நான் கேட்டதே இல்லை. அறிக்கைகளும் கூடாரங்களையும் சடலங்களையும் எண்ணின. மட்டைப்பெட்டிக் கூட்டை யாரும் எண்ணவில்லை. அந்தச் சந்தோசத்தால் 1999 அழிந்துபோகாது. ஆனால் அதை விட்டுவிட்டு எழுதினால், அங்கே இருந்தவர்கள் வெறும் அகதிகளாக மட்டும் மிஞ்சிப்போவார்கள். அவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளாகவும் இருந்தவர்கள்.

ஒப்படையின் தலைப்பை மாற்றவில்லை. மட்டைப்பெட்டிக் கூட்டுக்கு ஒரு பகுதி சேர்த்தேன். முதல் பக்கத்தில் அம்மாவின் படம்: பிளாஸ்ரிக் கமராவை ஒரு கண்ணில் வைத்து, மற்றக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறா.