வெண்புரைச் சிகிச்சை வரலாற்றில் இரு கண்களின் இணக்கம்

புத்தளம் மாவட்டத்தின் கரையோர ஊரான கரைத்தீவில் கடற்றொழில் புரியும் ஒருவருக்கு இருவகைப் பார்வை இன்றியமையாதது. நீர்ப்பரப்பின் அப்பால் வரும் தோணியை அறியத் தூரப்பார்வை வேண்டும். மடியிற் கிடக்கும் வலையின் கண்ணைப் பொத்த அண்மைப்பார்வை வேண்டும். இளமையில் இவ்விரண்டையும் கண்ணின் வில்லையே தன் வடிவை மாற்றி நிறைவேற்றுகின்றது. வெண்புரை படர்ந்த அவ்வில்லையை அகற்றிப் பொருத்தப்படும் வழமையான செயற்கை வில்லையோ ஒரு தூரத்திற்கு மட்டுமே இசைவது. இக்குறையை ஈடுசெய்ய, ஒரு கண்ணைத் தூரத்திற்கும் மற்றதை அண்மைக்குமாக அமைக்கும் முறை ‘மொனோவிஷன்’ எனப்படும். இதன் வரலாற்றை ஆராயின், ஒரு காலத்தில் இடராயிருந்த இரு கண்களின் வேற்றுமையே பின்னர் திட்டமிட்ட உதவியாக மாறியமை புலப்படும்.

வெண்புரையை ஊசியால் தள்ளிப் பார்வைப் பாதையினின்று விலக்கும் முறை சுசுருத சங்கிதையில் விவரிக்கப்பட்டுள்ளது. பிரான்சைச் சேர்ந்த டாவியல் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வில்லையைக் கண்ணினின்று வெளியே எடுக்கும் முறையை வளர்த்தார். ஆயினும் வில்லையிழந்த கண்ணுக்குத் தடித்த மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது. அக்கண்ணாடி விம்பத்தை ஏறத்தாழ நான்கிலொரு பங்கு பெருப்பித்தது. மற்றக் கண் நல்ல பார்வையுடன் இருப்பின், அளவில் வேறுபட்ட இரு விம்பங்களையும் மூளையால் ஒன்றாக்க இயலாது. பொருள்கள் இரட்டையாகத் தோன்றும். ஒரு கண்ணில் வெற்றி பெற்ற சிகிச்சையே நோயாளியைத் தடுமாறச் செய்தது எனலாம்.

இந்நிலையை மாற்றியவர் ஹரல்ட் றிட்லி ஆவார். 1949 நவம்பர் 29ஆம் நாள் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் அவர் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணினுள் பொருத்தினார். எனினும் அவ்வில்லையின் வலு மிகையாயிருந்தமையால் நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. பின்னர் கண்ணின் நீளத்தையும் விழிவெண்படலத்தின் வளைவையும் அளந்து வில்லையின் வலுவைக் கணிக்கும் சூத்திரங்கள் தோன்றின. கணிப்புக் கைகூடியபோதே தெரிவும் கைகூடியது என்பது நோக்கற்பாலது. தொடுவில்லை அணிவோரிடம் முன்னரே வழக்கிலிருந்த மொனோவிஷன் முறையை, இரு கண்களிலும் செயற்கை வில்லை பெற்றோரிடம் கையாண்டதன் பயனை அமெரிக்க மருத்துவர்களான போர்னரும் திராஷரும் 1984இல் வெளியிட்டனர். மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992இல் எழுந்த அரோலாப், குறைந்த விலையில் வில்லைகளை ஆக்கி, இச்சிகிச்சையை எளியோர்க்கும் எட்டச் செய்தது.

எனினும் இம்முறையில் இணக்கம் காண்பது கத்தியன்று, மூளையே. இரு கண்களும் திறந்திருக்க, தெளிவற்ற விம்பத்தை மூளை புறக்கணித்துத் தெளிவானதை ஏற்கின்றது. இப்பழக்கம் சிலருக்குச் சில வாரங்களிலும் சிலருக்குச் சில மாதங்களிலும் கைவரும். சிலருக்கு முற்றாகக் கைவருவதில்லை. பெரும்பாலும் முதன்மைக் கண்ணே தூரத்திற்கு அமைக்கப்படும். இரு கண்களுக்கிடையே ஒன்றேகால் முதல் இரண்டு டயொப்டர் வரையான வேறுபாடு பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. வேறுபாடு கூடின் அண்மைப்பார்வை சிறக்கும், ஆழவுணர்வு குன்றும்.

இங்கேதான் தொழிலின் வினா எழுகின்றது. கண்ணாடியின்றி வலை பொத்தும் வசதி கடற்றொழிலாளிக்குப் பெரும் பேறு. ஆயின் மங்கிய ஒளியில் கரையினின்று ஆடும் வள்ளத்தில் கால் வைப்பவருக்கு ஆழவுணர்வின் குறைவு சிறியதொன்றன்று. இரவில் வாகனம் ஓட்டுவோர் நிலையும் அத்தகையதே. இரு கண்களையும் தூரத்திற்குச் சமப்படுத்தும் கண்ணாடியை அவ்வேளைகளில் அணியலாம். சிகிச்சைக்கு முன்னர், புரை அனுமதிக்குமளவிற்கு, தொடுவில்லையால் ஒத்திகை பார்க்கவும் இயலும். பொருத்திய வில்லையை மாற்றுதல் எளிதன்று. ஆதலின் நோயாளியின் அன்றாட வேலை யாது, அது எத்தூரத்தில், எவ்வொளியில் நிகழ்கின்றது என்பதை அவர் மொழியிலேயே கேட்டறிந்து, பெறுவதையும் இழப்பதையும் விளக்கிய பின்னரே வில்லை தெரியப்படல் வேண்டும். வில்லையின் வலுவைச் சூத்திரம் கணிக்கும். எந்தத் தூரம் ஒருவரது வாழ்வுக்குத் தேவை என்பதை அவரே கூறவேண்டும்.