மூன்றாவது கம்பி: மும்பைத் தமிழர் குடியிருப்புகளும் எர்த் இணைப்பின் வரலாறும்

கட்டடத்தின் உச்சியில் நடப்படும் கம்பிக்குத் தமிழ் 'இடிதாங்கி' என்று பெயரிட்டது. உண்மையில் அக்கம்பி எதையும் தாங்குவதில்லை. வந்த மின்னோட்டத்தை நிலத்துக்குக் கடத்திவிடுகிறது. வீட்டின் மெயின் போர்டில் பொருத்தப்படும் சர்ஜ் பாதுகாப்புக் கருவியின் பணியும் இதுவே. லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எழும் மிகையழுத்தத்தை அது தானே ஓரளவு தணிக்கும். இரு கம்பிகளிலும் ஒருசேர வரும் எழுச்சியைக் கடத்துவதற்கோ எர்த் எனப்படும் மூன்றாவது கம்பி வேண்டும். கருவியைக் கடையில் வாங்கலாம்; நிலத்தை அவ்வாறு வாங்க இயலாது. மும்பையில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

பம்பாய் மின்வழங்கல், டிராம்வே நிறுவனம் 1905இல் உருவானது. 1907இல் மின்சார டிராம் ஓடியது. 1915 முதல் கோப்போலி நீர்மின் நிலையத்தின் மின்சாரம் நகரை அடைந்தது. 1947 ஆகஸ்டில் அந்நிறுவனம் மாநகராட்சியின் உடைமையாகி, இன்று 'பெஸ்ட்' எனப்படுகிறது. மாட்டுங்காவும் தாராவியும் அதன் எல்லைக்குள் அமைந்தவை. செம்பூரோ 1929இல் தொடங்கப்பட்ட புறநகர் மின்வழங்கல் நிறுவனத்தின் பகுதி. அவ்விணையம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது.

எர்த் யாருடைய பொறுப்பு என்பதற்கு 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் விடை கூறின. அவற்றின் 33ஆம் விதிப்படி, நுகர்வோரின் வளாகத்தில் எர்த் முனை ஒன்றை அமைத்துப் பராமரிக்க வேண்டியவர் மின்வழங்குநரே. 250 வோல்ட்டைக் கடந்த இணைப்பாயின், நுகர்வோரும் தனி மின்முனையுடன் சொந்த எர்த் அமைக்க வேண்டும். ஆகவே ஒருமுனை இணைப்புள்ள சிறு வீடு வழங்குநரைச் சார்ந்தது. மும்முனை இணைப்புள்ள கட்டடத்துக்குத் தன் பங்கும் உண்டு.

விதி ஒன்றாயினும் மூன்று குடியிருப்புகளின் நிலைமை வேறுவேறு. 1896இன் பிளேக் நோய்க்குப் பின் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த திட்டத்தில் எழுந்தது மாட்டுங்கா. தென்னிந்தியக் குடும்பங்கள் அங்கே வாடகைக்குக் குடியேறின. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை உறையவைத்தது; குடியிருப்போர் காக்கப்பட்டனர், கட்டடத்தைப் புதுப்பிக்கும் நாட்டம் உரிமையாளர்க்குக் குறைந்தது. இரு கம்பிகளோடு தொடங்கிய பழைய வயரிங்கில் மூன்றாவது கம்பியைச் சேர்ப்பது யார் செலவு என்ற வினா அங்கிருந்தே எழுகிறது.

தாராவியில் இடர் நிலத்திலேயே உள்ளது. மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய ஈரமண் மின்னோட்டத்துக்குக் குறைந்த தடையே தரும். அதே உப்பீரம் புதைத்த இரும்பை அரித்துவிடும். தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோரின் வழியினர் வாழும் சந்துகளில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டுக்கு எர்த் குழி தோண்டத் தனியிடம் இல்லை. செம்பூரின் பழைய தனிமனைகளில் அவ்விடம் இருந்தது. அவை அடுக்குமாடிகளாக மாறும்போது, குழி வீட்டுவசதிச் சங்கத்தின் பொதுவுடைமையாகிறது.

கருவித் தேர்வும் இவ்வரலாற்றோடு பிணைந்தது. கூரையில் இடிதாங்கி உள்ள கட்டடத்தின் மெயினில் முதல் வகைக் கருவியும், ஒவ்வொரு வீட்டின் போர்டில் இரண்டாம் வகையும் வேண்டும். இரண்டும் இடிதாங்கியும் ஒரே எர்த் அமைப்பில் இணைய வேண்டும். தனித்தனிக் குழிகளில் நின்றால், மின்னல் விழும் கணத்தில் அவற்றிடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு தோன்றும். இணைப்புக் கம்பியின் நீளமும் அரை மீட்டரைத் தாண்டலாகாது. 8 மைக்ரோவினாடியில் 10 கிலோஆம்பியருக்கு உயரும் மின்னோட்டம் ஒரு மீட்டர் கம்பியில் ஏறத்தாழ 1250 வோல்ட் எழுப்பும். கருவி 1500 வோல்ட்டில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினாலும் கூட்டுத்தொகை 2750 ஆகிறது. பெரும்பாலான வீட்டுச் சாதனங்கள் 2500 வோல்ட் கணநேர எழுச்சியைத் தாங்குமாறே வடிவமைக்கப்படுகின்றன.

கருவிக்கு எல்லையும் உண்டு. துத்தநாக ஆக்சைடு வாரிஸ்டர் மைக்ரோவினாடி எழுச்சிக்கானது. நியூட்ரல் அறுந்து 230 வோல்ட் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை நீடித்துப் பாய்ந்தால், வாரிஸ்டரே சூடேறி எரியக்கூடும். அதற்கு மிகையழுத்தத்தில் மின்னிணைப்பைத் துண்டிக்கும் கருவி தனியே வேண்டும்.

எர்த் அமைப்புக்கான ஐ.எஸ். 3043 என்னும் இந்தியத் தரநூல் 1966இல் வெளிவந்து, 1987இலும் 2018இலும் திருத்தப்பட்டது. தரநூல் அளவுகளை வகுக்கும். குழியை ஆண்டுதோறும் அளப்பவர் யார் என்பதைக் குடியிருப்போரே எழுதிக்கொள்ள வேண்டியுள்ளது. மூன்று பகுதிகளிலும் மறுகட்டுமானம் பேசப்படும் இக்காலத்தில், ஒப்பந்தங்களில் சதுர அடியும் வாகன நிறுத்தமும் வரிவரியாக இடம்பெறுகின்றன. எர்த் குழியின் இடம், உரிமை, பராமரிப்பு ஆகியவற்றுக்கும் அவற்றில் ஒரு பத்தி வேண்டும். கட்டடம் எழுந்த பின் அதைக் கேட்கும் குடும்பத்துக்குக் காலடியில் நிலம் இராது.