ரப்பர் பால் வெட்டுற ஊர்ல ஒரு ரப்பர் கப் தேடின கதை

2022 ஜூலை மாதம். அப்பாவோட ஆட்டோ லயத்துக்குக் கீழே, கோயில் திருப்பத்துல பத்து நாளா நின்னுச்சு. பெட்ரோல் இல்லாதது ஒரு காரணம். இன்னொன்னு, பிரேக் பிடிக்கல. பாஸ் (மெக்கானிக்கை எங்க பக்கம் இப்படித்தான் கூப்பிடுவோம்) மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்துட்டு, "கப் தேஞ்சு போச்சு அண்ணே, கிட் ஒன்னு எடுத்துட்டு வாங்க" என்றார்.

அந்தக் கப் பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிய ரப்பர் துண்டு. அது இல்லாம எங்க தோட்டத்து இறக்கத்துல ஆட்டோவை இறக்க முடியாது.

யட்டியாந்தோட்டையில் இல்லை. ருவன்வெல்லையில் இல்லை. அவிசாவளையில் நாலு கடை ஏறி இறங்கினோம். "நேஹே மல்லி" என்று தலையைத் தூக்காமலே சொன்னார்கள். கடைசியில் பஸ் ஏறி கொழும்பு பஞ்சிகாவத்தைக்கே போனோம். இலங்கையில் வாகன சாமான் எது தேடினாலும் முடியிற இடம் அதுதானே. அங்கே சாமான் இருந்தது, ஆனா கடைக்கு ஒரு விலை. "எந்த வருஷம்? டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? ஜென்யூன் வேணுமா, மற்றதா?" என்று கேள்வி மேல கேள்வி. காலையில் கேட்ட விலை மத்தியானம் இல்லை. ஜென்யூன் என்று பெட்டியில் போட்டுத் தந்ததை வாங்கிட்டு வந்தோம். மூனு வாரத்துல மறுபடி எண்ணெய் கசிஞ்சது. வித்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று பில்லிலேயே அச்சடிச்சிருந்தது.

திரும்பி வர்ற பஸ்ல அப்பா கேட்டார்: "உங்கம்மா தினம் வெட்டுற பால் எல்லாம் எங்கதான்டா போகுது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

ரப்பர் நம்ம மண்ணின் மரம் இல்லை. ஹென்றி விக்ஹாம் பிரேசிலில் இருந்து கொண்டு போன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876 இல் இலங்கையின் ஹெனரத்கொடைக்கு வந்தன. அப்போது அதற்குப் பெரிய கேள்வி இல்லை. 1888 இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். அதன் பின் மோட்டார் கார் பரவியது. 1910 இல் லண்டன் சந்தையில் ஒரு இறாத்தல் ரப்பர் 12 ஷில்லிங் வரை ஏறியது. கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளில் காடு வெட்டி ரப்பர் நட்ட வேகத்துக்கு இதுதான் காரணம். அந்த வேலைக்குத்தான் தென்னிந்தியாவில் இருந்து நம்ம ஆட்கள் கங்காணிகளின் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். தேயிலையும் சேர்ந்து இழுத்தது உண்மை. ஆனா சப்ரகமுவ ரப்பர் லயங்களில் பிறந்தவர்களை இங்கே கொண்டு வந்தது ஒரு வகையில் கார்தான் என்று சொல்லலாம்.

1942 இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு இலங்கை ரப்பர் உயிர்நாடியானது. மரம் பட்டுப்போகுமே என்று பார்க்காம வெட்டினார்கள். அதே போர்தான் அமெரிக்காவில் செயற்கை ரப்பரைப் பெரிய தொழிலாக்கியது. இன்றைக்கு பிரேக் கப் போன்ற சாமான்கள் பெரும்பாலும் செயற்கை ரப்பரில்தான் செய்யப்படுகின்றன. அதனால் அப்பாவின் கேள்விக்கு முதல் பதில்: அம்மா வெட்டுற பால் அந்தக் கப்பில் இல்லாமலே இருக்கலாம். 1952 இல் சீனாவுடன் ரப்பர்–அரிசி ஒப்பந்தம் வந்தது. நம்ம பால் அரிசியாகத் திரும்பி வந்த காலம் அது. ஆனா அந்தப் பாலை வெட்டினவர்களில் பலரின் பிரஜாவுரிமையை 1948 சட்டம் ஏற்கனவே பறித்திருந்தது.

சாமான் தட்டுப்பாட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1969 இல் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1970 முதல் 1977 வரை டாலர் இல்லாத அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் வைத்திருந்தவர்கள் லேத் பட்டறையில் சாமான் கடைந்து ஓட்டினார்கள். "பாஸ்" என்ற சொல்லுக்கு இன்றைக்கும் இருக்கிற மரியாதை அந்தக் காலத்தில் கூடியிருக்கும் என்று நினைக்கிறேன். 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பானின் ரீகண்டிஷன் வாகனங்கள் வந்தன, இந்திய ஆட்டோக்கள் வந்தன. சாமான் கடைகள் பெருகின. இன்னொரு பக்கம், இரத்தினபுரிக்குப் போன களனிவெளி ரயில் பாதை 1970களிலேயே அவிசாவளையோடு நின்றுபோனது. பஸ் வராத தோட்டப் பாதைகளில் ஆட்டோதான் அம்புலன்ஸ், பள்ளிக்கூட வண்டி, எல்லாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டது. புது வண்டி வராததால் எல்லோரும் பழைய வண்டியையே ஒட்டி ஒட்டி ஓட்டினார்கள். சாமானுக்குக் கேள்வி கூடியது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டாலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. இடையில் ஏப்ரல் 12 அன்று அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பஞ்சிகாவத்தையில் காலை விலை மத்தியானம் மாறினதுக்குக் கடைக்காரரின் பேராசையை மட்டும் குறை சொல்ல முடியாது. போலி ஜென்யூன் பெட்டிக்கு மட்டும் எந்த நெருக்கடியும் சாக்கு இல்லை. மலைப்பாதையில் பிரேக் என்பது உயிர்.

தட்டுப்பாடு எல்லோருக்கும் வந்ததுதான். ஆனா எல்லோரையும் ஒரே மாதிரி அடிக்கவில்லை. அப்போது தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாய். கொழும்பில் இருப்பவர் நடந்து போய் மாற்றி வாங்கலாம். நாங்கள் ஒரு கப்புக்கு ஒரு நாள் உழைப்பையும் இரண்டு பேர் பஸ் காசையும் கொடுத்தோம். மறுபடி போறதுக்கு இன்னொரு நாள்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. விலையைக் கேட்டு அப்பா சிரிச்சார். அவர் இன்னும் அதே ஆட்டோவைத்தான் ஓட்டுறார். சீட்டுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின். அதுக்குள்ள ஒரு கிட் எப்பவும் ஸ்பெயாரா இருக்கு, தேஞ்ச பழைய கப்பும் இருக்கு. கடையில் காட்ட மாதிரி வேணுமாம்.

அம்மா இன்றைக்கும் விடியக்காலையில் கத்தியோடு மலைக்கு ஏறுறாங்க. பால் லீற்றர் கணக்கில் ஃபெக்டரிக்குப் போகுது. அங்கிருந்து எந்தக் கப்பலில், எந்த நாட்டுக்கு, என்னவாகப் போகுது என்று எங்க டிவிஷனில் கேட்டால் சொல்ல ஆள் இல்லை. தோட்ட வரலாற்றை நாம எழுதும்போது கங்காணியும் கப்பலும் எப்படியும் வந்துவிடும். இந்தப் பாலின் பயணத்தையும் அதில் சேர்க்கணும். அப்பாவுக்கு நான் இன்னும் முழுப் பதிலைச் சொல்லவில்லை.