பூட்டனார் பிறந்த ஊர் எது?

இலங்கையில் பிறந்து இன்று எங்கெங்கோ வாழும் அன்பர்கள், பெட்டியின் அடியில் கிடக்கும் தங்கள் பழைய பிறப்புச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும். பெயர், திகதி, தந்தை, தாய் என்ற வழமையான விபரங்களுக்குக் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும். பாட்டனார் இலங்கையிற் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்பன முதலாவதில் கேட்கப்பட்டிருக்கும். தந்தை இலங்கையிற் பிறவாது பூட்டனார் இலங்கையிற் பிறந்திருந்தால் அவருடைய விபரம் இரண்டாவதில் வரவேண்டும். பெரும்பாலானோரின் சான்றிதழில் இரண்டாவது கட்டத்தில் ஒரு கோடு மட்டுமே கீறப்பட்டிருக்கும். (யாழ்ப்பாணத்தில் பாட்டனைப் ‘பேரன்’ என்பதே வழக்கம். தமிழக வாசகர்கள் தடுமாறாதிருக்கப் பாட்டன் என்றே எழுதுகிறேன்.)

ஒரு குழந்தையின் பிறப்பைப் பதிவதற்கு அதன் பூட்டன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், நாட்டிற் பிறந்ததை மாத்திரம் உரிமைக்குப் போதிய ஆதாரமாகக் கொள்ளவில்லை. அத்திகதிக்கு முன் இலங்கையிற் பிறந்தவர் வம்சாவழிப் பிரஜையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். வெளிநாட்டிற் பிறந்தவருக்கு விதி இன்னும் இறுக்கமானது. தந்தை, பாட்டன் இருவருமோ, பாட்டன், பூட்டன் இருவருமோ இலங்கையிற் பிறந்தவர்களாக இருத்தல் அவசியம். இப்பிரஜாவுரிமை இல்லாதவர்மீது அதே 1948இல் நிறைவேறிய குடிவரவு, குடியகல்வுச் சட்டம் பாயும். பிறந்த வீட்டில் குடியிருப்பதற்கே அனுமதிப் பத்திரம் கேட்கப்படும் நிலை அதன்மூலம் உருவாயிற்று.

இதைச் சட்டப்புத்தகத்தில் வாசிக்கையில் நியாயமான நிபந்தனையாகவே தோன்றும். கையில் ஆண்டுக்கணக்கை எடுத்துக்கொண்டு பார்த்தால்தான் வில்லங்கம் புரியும். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு முறை 1867இல்தான் தொடங்கியது. அது கட்டாயமானது அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். 1948இல் ஐம்பது வயதான ஒருவரின் பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கவே முடியாது. அவருக்கு மட்டுமன்று, அச்சட்டத்துக்குக் கையுயர்த்திய உறுப்பினர்களில் மிகப் பலருக்கும் முடியாது.

இதற்கு நான் எடுத்துக்காட்டும் மனிதர் சா. ஜே. வே. செல்வநாயகம். தந்தை செல்வா தெல்லிப்பழையார் என்பதை அனைவரும் அறிவர். அவர் பிறந்தது தெல்லிப்பழையில் அன்று, மலாயாவின் ஈப்போவில், 1898 மார்ச் 31ஆம் நாள் என்பது பலருக்கு மறந்துபோகும் செய்தி. தந்தையார் அங்கே தொழில் பார்த்தவர். நான்கு வயதளவில் தாயாருடன் ஊர் திரும்பிய செல்வநாயகம், தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கற்றுச் சட்டத்தரணியாகி, 1947இல் காங்கேசன்துறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் வெளிநாட்டிற் பிறந்தவர். தந்தையும் பாட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள் என அவர் நிறுவவேண்டும். 1898இல் மகனைப் பெற்ற தந்தையின் தந்தை, பதிவுமுறை தோன்றுமுன்னரே பிறந்திருப்பார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

ஆயினும் செல்வநாயகத்திடம் யாரும் பாட்டனின் பத்திரத்தைக் கேட்டதாக வரலாறு இல்லை. கேட்டிருந்தாலும் தெல்லிப்பழை முழுவதும் சாட்சிக்கு வந்திருக்கும். அமெரிக்க மிஷன் 1816இலேயே கால்பதித்த அவ்வூரில், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் திருமுழுக்குப் பதிவேடும் கைகொடுத்திருக்கும். சைவக் குடும்பங்களிடம் ஏட்டில் எழுதிய சாதகக் குறிப்பு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக விதானையார் இருந்தார். இன்னாரின் மகன், இன்ன குறிச்சி, இன்ன வளவு என்று அவர் ஒரு வரி எழுதிக்கொடுத்தால் கச்சேரியில் மறுகேள்வி எழாது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றாகவே எழுதப்பட்டது. ஆனால் ஊர் அறிந்தவனை அது கேள்வி கேட்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவனிடம், பாட்டன் பிறந்த இடத்துக்குப் பத்திரம் எங்கே என்று கேட்டது. இந்த வேறுபாட்டை நம்மவர்கள் போதிய அளவு எழுதவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

யாழ்ப்பாணத்தாருக்கும் இதில் ஒரு பொறி இருந்தது. குடாநாட்டில் ஒருவரின் வேரைக் காட்டும் மிகப் பழைய எழுத்து, காணி உறுதியே. ஒல்லாந்தர் காலத் தோம்பில் தொடங்கி, காணியின் பெயர், பரப்பு, எல்லை, முன்னுரித்தாளர் என்று அது பின்னோக்கி நடந்துகொண்டே போகும். ஆனால் தேசவழமையின்படி வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்வழியே இறங்குவன. மணமுடித்த ஆண் மனைவியின் ஊருக்குக் குடிவருவது இங்கே சாதாரணம். ஆகவே ஒருவன் கையிலுள்ள உறுதி தாயின் பெயரையும், தாயின் தாயின் பெயரையும் அழகாகச் சொல்லும். சட்டமோ தாயையே கணக்கில் எடுக்கவில்லை. மணவுறவிற் பிறந்த பிள்ளைக்குத் தந்தைவழி ஒன்றே வழி. பத்துத் தலைமுறையாக ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய குடும்பத்துப் பெண், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த ஒருவரை மணந்திருந்தால், அவள் பிள்ளைகள் வலிகாமத்தில் பிறந்தும் வம்சாவழிப் பிரஜைகள் ஆகமாட்டார்கள்.

இது வெறும் கற்பனை உதாரணம் அன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்குக் குருக்கள்மாரும், நாதஸ்வர, தவில் கலைஞர்களும் தமிழகத்திலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் பல. செட்டிமாரின் வணிகம் பட்டினத்தில் வேரூன்றியிருந்தது. வல்வெட்டித்துறைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே தோணி போய்வருவது, அக்காலத்தார்க்குப் பக்கத்து ஊருக்குப் போவது போன்றது. அந்தக் கடலில் 1948இல் ஒரு கோடு விழுந்தது. 1952இல் கள்ளக் குடியேற்றத்தைத் தடுக்கவென இராணுவம் வடகரையில் நிறுத்தப்பட்டது. நேற்றுவரை பயணி எனப்பட்டவன் ‘கள்ளத்தோணி’ ஆனான். அச்சொல் பின்னர், தோணியையே காணாத மலையக மக்கள்மீது வசையாக ஏவப்பட்டதை அனைவரும் அறிவோம்.

பாராளுமன்றத்தில் நடந்ததைப் பற்றி ஒரு திருத்தம் சொல்லவேண்டும். ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தை ஆதரித்தார் என்று மேடைகளில் இன்றும் முழங்குகிறார்கள். அது பிழை. ஓகஸ்ட் 20இல் நிறைவேறிய அச்சட்டமூலத்தை அவரும் தமிழ்க் காங்கிரசும் எதிர்த்தனர். செப்டெம்பரில் அவர் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். டிசம்பரில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமூலத்தையே ஆதரித்தார். செல்வநாயகம் அதையும் எதிர்த்தார். இன்று மலையகத்தார்மேல் விழும் அடி நாளை நம்மேல் விழும் என்ற பொருளில் அவர் எச்சரித்தார். பிளவு முற்றி, 1949 டிசம்பர் 18இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1952 தேர்தலில் காங்கேசன்துறை வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மலையகத்தின் பிரச்சினை அன்று நம் முற்றத்துப் பிரச்சினையாகத் தோன்றவில்லை.

அந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் 1946க்கு முன் தொடர்ச்சியாக வசித்ததை நிரூபிக்கக் கோரியது. இரண்டாண்டு அவகாசத்துள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. 1960களின் தொடக்கம்வரை இழுபட்டு, ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே உரிமை கிடைத்தது. சட்டத்தை எதிர்த்த கோடக்கன்பிள்ளையின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று 1953இல் தோற்றது. ஒரு நாடு தன் பிரஜைகள் யாரென வரையறுப்பது பாரபட்சம் ஆகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சிய மக்களைத் தலைக்கணக்கிற் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று.

அதே ஒக்டோபர் 30, 1995இல், வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. அப்போது வீட்டுக்கு வீடு முதலில் எடுக்கப்பட்டவை உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும். எடுக்காமல் போனவர்கள் பிறகு எத்தனை அலுவலகப் படிகள் ஏறினார்கள்! ஊரும் விதானையும் சாட்சி சொல்லமுடியாத இடங்களில், கொழும்புச் சோதனைச் சாவடியிலும் இலண்டன், ரொறன்ரோ விசாரணை மேசைகளிலும், யாழ்ப்பாணத்தான் தான் யார் என்பதைக் கடதாசியால் நிறுவவேண்டி வந்தது. லயத்து மனிதன் 1949இல் நின்ற அதே வரிசை அது.

2003இல் இரண்டு திருத்தங்கள் வந்தன. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் ஒன்று. போரில் தமிழகம் சென்று முகாம்களில் இருந்தவர்கள் அந்த வதிவு நிபந்தனையால் வெளியே நிற்க, 2009இல் அதைத் தளர்த்தினார்கள். மற்றையது, தந்தை அல்லது தாய் இருவரில் ஒருவர் பிரஜையாக இருந்தாலே பிள்ளைக்கும் அவ்வுரிமை உண்டு என்றது. தாய்வழிச் சீதன உறுதி பேசிய உண்மையைச் சட்டம் கேட்டுக்கொள்ள ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

வேறு நாட்டுப் பிரஜையானவர் இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்துவிடுவார். ஆதலால் தாய் கட்டிய வீட்டுக்குச் சுற்றுலா விசாவில் வந்து, நாளெண்ணித் தங்கிப் போகும் அன்பர்களை நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எவ்வூரிலும் காணலாம். 1987இல் வந்த இரட்டைப் பிரஜாவுரிமை ஏற்பாடு 2011இல் நிறுத்தப்பட்டு 2015இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பத்துடன் கேட்கப்படும் முதல் ஆவணங்களுள் ஒன்று பிறப்புச் சான்றிதழ். தொலைத்தவர்கள், பிறந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் பதிவிலக்கத்தையோ பிறந்த திகதியையோ கொடுத்துப் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.