இருபத்தைந்து சதமும் எழுபது சதமும்

“அரசாங்கத்தால் இனித் தாங்க முடியாது” என்ற வசனத்தை எத்தனையோ வரவு செலவுத் திட்ட உரைகளில் கேட்டுச் செய்தியாக்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் 1953ஆம் ஆண்டையே எண்ணிக்கொள்வேன்.

கொரிய யுத்தம் தந்த றப்பர் வருமானம் அதற்குள் சரிந்துவிட்டது. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன அரிசி மானியத்தை வெட்டினார். 25 சதத்துக்கு விற்ற பங்கீட்டு அரிசி, கொத்து 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது.

திறைசேரியின் கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். கூலித் தொழிலாளியின் வீட்டுக் கணக்கை எவரும் பார்க்கவில்லை. இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலால் ஆகஸ்ட் 12இல் நாடு ஸ்தம்பித்தது. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் அமைச்சரவை கூடியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாகின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1962இல் பங்கீட்டைக் குறைக்க முனைந்த நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவும் பதவி விலக நேர்ந்தது.

அதே ஜே.ஆர். ஜனாதிபதியான பின்னர், 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. விலைவாசி ஏற, முத்திரையின் பெறுமதி அப்படியே நின்றது. 1953இல் ஒரே நாளில் வெட்ட முடியாததை, இம்முறை பணவீக்கம் மெல்ல மெல்ல வெட்டியது. வீட்டுக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.